நீலனில் ஒரு பிழையும் இல்லை

ஜூன் 29, சனி

இது காரின் கொப்பி. பதினெட்டு வருடமாக நீலனின் முன்பெட்டிக்குள் கிடக்கிறது. எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எங்கே டீசல் அடித்தது, எப்போது எண்ணெய் மாற்றியது என்று இவர்தான் எழுதுவார். ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டார். இன்றைக்குக் கொப்பியை என் மடியில் போட்டுவிட்டு, "இந்த முறை நீர் எழுதும். எனக்கு அலுப்பாக் கிடக்கு" என்றார். கார் விஷயத்தில் இவருக்கு அலுப்பு வந்து நான் கண்டதில்லை.

சரி, எழுதுகிறேன். ஒரு வரியோடு நிறுத்த மட்டும் எனக்கு வராது.

நீலன் எங்கள் கார். நீல நிறம் என்பதால் மகள் வைஷாலி சின்ன வயதில் வைத்த பெயர். நாலு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. டென்மார்க்கில் இந்த ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பாரிசுக்கு, லண்டனுக்கு, சூரிச்சுக்கு, ஜெர்மனியில் அம்மன் கோயில் தேருக்கு என்று ஒரு கலியாண வீடும் செத்த வீடும் நாங்கள் தவறவிட்டதில்லை. போய் இறங்கியதும் சொந்தக்காரர் பொனட்டைச் சுற்றி நின்று, "இப்ப எத்தனை ஆச்சு?" என்று கேட்பார்கள். இவர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் ஓடுகிற மனிதர்.

இந்தத் தடவை இத்தாலி. இவரின் ஒரே தங்கை தவமலர் ரெஜ்ஜோ எமீலியாவில் இருக்கிறாள். அவளுடைய மகள் மிதுஷா பெரியபிள்ளையாகிவிட்டாள், ஜூலை பதின்மூன்று சாமத்திய வீடு. தலையில் பால் அறுகு வைத்து, தேங்காய் உடைத்து, முதல் தண்ணீர் வார்க்கவேண்டியது தாய்மாமன். வேறு தாய்மாமன் அந்தப் பிள்ளைக்கு இல்லை. இவர் போகாவிட்டால் சடங்கே இல்லை என்று மச்சாள் போனில் அழுது முடித்துவிட்டாள்.

வைஷாலி கோப்பன்ஹேகனிலிருந்து போன் எடுத்தாள். "அம்மா, பிளேனில போங்கோவன். அப்பா இப்ப எப்பிடி ஓடுறார்?"

"அப்பாக்கு என்ன? கார்தான் கொஞ்சம் பழசு" என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

முந்நூறு பயித்தம் பணியாரம், ஒரு பெரிய டப்பா முறுக்கு, மாமன் சீருக்கான கூறைச் சேலை, சங்கிலி, பித்தளைத் தட்டு ஒன்பது. பிளேனில் இவ்வளவையும் கொண்டுபோக முடியுமா என்று வைஷாலியிடம் கேட்கவேண்டும். முதியோர் இல்லத்தில் பத்து நாள் லீவு எடுத்திருக்கிறேன். லீவு என்று பெயர்தான், மூன்று நாளாக அடுப்படியை விட்டு நகரவில்லை. கால் இரண்டும் வீங்கிப் போயிற்று.

இரவுச் சாப்பாட்டில் இவருடைய சோற்றுக் கோப்பையில் பாதி மிச்சம். நான்தான் கூடப் போட்டுவிட்டேன் போல. கோப்பையைச் சுற்றித் திருப்பி வைத்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டார்.

ஜூலை 8, திங்கள்

காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். நாலு டயருக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து. எதிர் வீட்டு டெனிஷ்காரர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறார், இன்னும் அவருக்கு அலுக்கவில்லை.

நான் பயணத்தில் நித்திரை கொள்கிற ஆள். கார் தெருவுக்கு ஏற முந்தியே கண் சொருகிவிடும் என்று இவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். இந்தத் தடவை நித்திரை வரவில்லை.

ஹம்பர்க்குக்குக் கிட்ட வீதி வேலை. இரண்டு பாதையையும் ஒடுக்கி, இடப்பக்கம் சீமெந்துத் தடுப்புப் போட்டிருந்தார்கள். நான், "கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இவர், "தெரியுது, பேசாம இரும்" என்றார். பேசாமல் இருந்தேன். இரண்டு நிமிஷம்கூட இராது, படீரென்று ஒரு சத்தம். இடப்பக்கக் கண்ணாடி போய்விட்டது. வயர் மட்டும் தொங்கியது.

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, நான் கொண்டுவந்த டேப்பைச் சுற்றி ஒட்டினோம். இவருடைய முகம் செத்துப்போயிருந்தது. "ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்குது போல கிடக்கு" என்றேன்.

"இல்லை" என்றார். "நீலன் இழுக்கமாட்டான்."

இழுக்கிறது. நான் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். நாலு லட்சம் ஓடிய கார் இழுக்காமல் என்ன செய்யும்? ஹனோவர் தாண்டி ஒரு மலிவு ஹொட்டேலில் படுத்தோம். முன்பெல்லாம் முதல் நாளே பாசல் எல்லையைத் தொட்டுவிடுவோம்.

ஜூலை 9, செவ்வாய்

கோட்டிங்கனுக்குப் பக்கத்தில் ஒரு கராஜ். ஸ்டியரிங்கைப் பார்க்கச் சொல்லி நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இவர் வெளியே மர வாங்கில் குந்தியிருந்து, தன் பிள்ளையை யாரோ பரிசோதிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரன் சில்லுகளை மெசினில் பூட்டி, ஒரு மணித்தியாலம் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தாளில் அடித்துத் தந்தான். இந்த வயதுக் காரில் இப்படிச் சுத்தமான அடிப்பாகத்தைத் தான் கண்டதில்லையாம்.

இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். "நான் சொன்னன்தானே? நான் சொன்னன்தானே?" அந்தத் தாளை மடித்துப் பத்திரப்படுத்தினார். சட்டையின் இடப்பக்கப் பைக்குள் அல்ல, அங்கே பை இருப்பது மறந்துவிட்டதோ என்னவோ, காற்சட்டைப் பைக்குள்.

ஒரு நாள் போயிற்று. மெசின் பிழையாகவும் இருக்கலாம்.

ஜூலை 10, புதன்

மழை. லொறிகள். இடப்பக்கத்தால் முந்திப் போகிறவர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள். ஜெர்மன்காரருக்குப் பொறுமை இல்லை. நான் "இடப்பக்கம் வாறான், இடப்பக்கம் வாறான்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வரண்டுவிட்டது. இப்போது இவர் "தெரியுது" என்று சொல்வதில்லை. நான் சொன்னதும் கொஞ்சம் வலப்பக்கம் எடுப்பார், அவ்வளவுதான்.

பாசலுக்கு வர மாலை ஆயிற்று. களைப்பு. குளிக்காமல் படுத்தேன்.

ஜூலை 11, வியாழன்

பாசலில் ஜெயசீலன் என்று ஒரு பொடியன் கராஜ் வைத்திருக்கிறான். பொடியன் என்றாலும் நாற்பது வயது. பருத்தித்துறை ஆள், மச்சாளின் கணவர் சிவபாதம் அண்ணைக்குத் தெரிந்தவன். புதுக் கண்ணாடி பூட்ட அங்கே போனோம். இவருக்குத் தேத்தண்ணி கொடுத்து உள்ளே இருத்திவிட்டு, நான் ஜெயசீலனைத் தனியே கூப்பிட்டேன்.

"தம்பி, கார் இடப்பக்கம் இழுக்குது. ஒருக்கா ஓடிப் பாருங்கோ. நானும் வாறன்."

ஒரு நேர் வீதியில் ஓடினான். கொஞ்சத் தூரம் போனதும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டான்.

"பாருங்கோ அக்கா, கையை விட்டிட்டன். கம்பி மாதிரிப் போகுது. இந்தக் காரில ஒரு குறையும் இல்லை."

அவன் திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டான். "அக்கா, குறை நினையாதேங்கோ. அண்ணையின்ரை கண்ணை ஆரிட்டையும் காட்டினீங்களோ?"

எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு அல்ல. கார் திருத்தச் சொன்னால் காரைத் திருத்தவேண்டும். முப்பத்தெட்டு வருடம் ஓடுகிற மனிதரின் கண்ணைப் பற்றி நேற்று வந்தவன் கதைக்கிறான். "அவருக்குக் கண்ணாடி போன வருசம்தான் மாத்தினது" என்றேன். அது உண்மைதான்.

பிறகு, கராஜ் வாசலில் வைத்து, "தம்பி, எதையாவது ஒண்டை மாத்தி விடுங்கோவன்" என்று கேட்டேன்.

"எதை அக்கா?"

"எதையாவது. மாத்தினதெண்டு அவரிட்டைச் சொல்லக் கிடக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடியை மட்டும் பூட்டித் தந்தான். கூலியும் வாங்கவில்லை.

ஹொட்டேலுக்கு வந்து இவரிடம், "ஜெயசீலன் கீழ என்னவோ ஒரு ஆணியை இறுக்கினவன். இனி இழுக்காதாம்" என்றேன்.

"அவன் ஒண்டும் இறுக்கேல்லை" என்றார் இவர். "நான் ஜன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டுதான் இருந்தனான்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஜூலை 12, வெள்ளி

சன் கொத்தார்ட் சுரங்கத்துக்கு முன்னால் இரண்டரை மணித்தியாலம் வரிசை. வெயில் மண்டையைப் பிளந்தது. பணியாரம் வெந்துபோகுமோ என்று எனக்குக் கவலை.

இந்தச் சுரங்கத்தில் பதினேழு கிலோமீற்றரும் ஒரே குழாய்தான். எதிரே வருகிறவர்களும் இதற்குள்ளால்தான் வருகிறார்கள். நடுவில் ஒரு கோடு மட்டும். அவர்கள் வருவது இடப்பக்கத்தால். எத்தனையோ தடவை இதற்குள்ளால் நித்திரையாகவே போயிருக்கிறேன்.

வரிசை நகர்ந்து வாய்க்குக் கிட்ட வந்ததும் இவர், "புனிதம்" என்றார். என் பெயரைச் சொல்லி இவர் கூப்பிடுவது குறைவு. "நீர் கதைச்சுக்கொண்டு வாரும்."

"என்ன கதைக்க?"

"வழமையாச் சொல்லுறதைச் சொல்லும்."

சொன்னேன். பதினேழு கிலோமீற்றரும் சொன்னேன். "வெளிச்சம் வருது, லொறி. கொஞ்சம் இஞ்சால. இன்னும் இஞ்சால. சரி. நேரப் போங்கோ. இன்னொண்டு வருது." நடுவில் ஒரு தடவை இருமல் வந்தது. அந்த இரண்டு செக்கனுக்குள் எதிரே வந்த பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது, அதன் காற்றில் நீலன் ஆடியது. இவருடைய கை விரல்கள் வெளிறிப்போய் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்தன. முப்பத்தெட்டு வருடமாக, "கதையாதையும், கதையாதையும்" என்று என்னை அடக்கிய மனிதர் நான் மூச்சு வாங்க நின்றால், "ம், சொல்லும்" என்றார்.

வெளியே வந்ததும் முதல் தரிப்பிடத்தில் நிறுத்தினார். என்ஜினை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார். எனக்குச் சேலையெல்லாம் வேர்வை.

"ஸ்டியரிங் இழுக்குதோ எண்டு நான் ஒருக்கா ஓடிப் பாக்கவேணும்" என்றேன்.

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. வேலைக்கும் கடைக்கும் நீலனை ஓடுகிறேன். ஆனால் இவர் பக்கத்தில் இருக்க ஒரு நாளும் ஓடமாட்டேன். ஒவ்வொரு கியருக்கும் "ஐயோ" என்பார், யாரோ தன் காலை மிதித்த மாதிரி. இன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்தில் ஏறினார். கோமோ வரைக்கும் நான்தான் ஓடினேன். ஒரு "ஐயோ"கூட வரவில்லை. கடைசிக் கியர் இரண்டு தடவை அலறியும் வரவில்லை.

கார் எங்கும் இழுக்கவில்லை. ஜெயசீலன் என்னவோ செய்திருக்கிறான், சொல்லவில்லை.

ஜூலை 13, சனி

என்ன நடந்ததென்று ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஹொட்டேலிலேயே பட்டுச் சேலை கட்டி, கொண்டை போட்டு, பூ வைத்துக்கொண்டு, கால் செருப்பைக் கழற்றிவிட்டு, இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் ஓடினேன். மிலானைத் தாண்டும்போது ஒரு இத்தாலிக்காரி என்னைப் பார்த்துக் கை காட்டினாள். இவர் பட்டு வேட்டியோடு பக்கத்தில் இருந்து, வழி சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். எனக்குக்கூட ஒரு சந்தோஷம் வந்தது, ஏன் பொய் சொல்ல.

மண்டபத்துக்கு ஒரு கிலோமீற்றர் இருக்க, ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் நான் நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"இனி நீங்கள் ஓடுங்கோ."

"இல்லை, நீரே ஓடும்" என்றார்.

"வாசலில சனம் நிக்கும். தாய்மாமனைப் பெண்சாதி ஓடிக்கொண்டு வந்து இறக்கிறதோ? என்னவோ ஏதோ எண்டு கேப்பினம். ஒரு கிலோமீற்றர்தானே? நான் பக்கத்தில இருக்கிறன்தானே?"

இவர் இரண்டு தடவை வேண்டாம் என்றார். இதை நான் எழுதத்தான் வேண்டும். இரண்டு தடவை வேண்டாம் என்றார், மூன்றாம் தடவை நான் கதவைத் திறந்து இறங்கி நின்றேன். அதற்குப் பிறகுதான் இவர் இடம் மாறினார்.

மண்டபம் கைத்தொழிற்பேட்டைக்குள் ஒரு பெரிய கட்டடம். முன்னால் விசாலமான கார்த் தரிப்பிடம். வாசலில் வாழைமரம் கட்டி, நிறைகுடம் வைத்து, மேளமும் நாதஸ்வரமும் ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது. நீலனைக் கண்டதும் சனம் கையைத் தட்டியது. தவமலர் மச்சாள் ஓடி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, இறங்குங்கோ, இறங்குங்கோ! நேரம் போகுது. தட்டுத் தூக்க ஆக்கள் நிக்கினம், நீங்கள்தான் முன்னுக்குப் போகவேணும். அண்ணை காரை விட்டிட்டு வரட்டும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம் நான், "நில்லுங்கோ மச்சாள், கார் விட்டபிறகு இறங்கிறன்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. நான் இறங்கினேன். டிக்கியைத் திறந்து தட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். நீலன் மெதுவாக நகர்ந்தது. நான் தட்டைக் கையில் வாங்கி நாலு அடி வைத்திருப்பேன்.

பிளாஸ்டிக் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் குரல்.

என் கையிலிருந்த தட்டு எங்கே விழுந்ததென்று தெரியாது. ஓடினேன். நீலனின் இடப்பக்கச் சில்லுக்குக் கீழே ஒரு குழந்தை வண்டில் நசிந்து கிடந்தது. மேலே மூடியிருந்த ரோஸ் நிறத் துணி சில்லில் சுற்றியிருந்தது. அப்படியே தார் நிலத்தில் குந்திவிட்டேன்.

வண்டிலுக்குள் பிள்ளை இல்லை. படம் எடுக்கவென்று தாய் ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் தூக்கியிருக்கிறாள். சிவபாதம் அண்ணையின் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி அவள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று கத்திக்கொண்டே இருந்தாள். பிள்ளை ஒன்றும் விளங்காமல் கையில் இருந்த பிஸ்கட்டைச் சப்பியது.

இவர் இறங்கி வந்து நின்றார். சனம் கூடிவிட்டது.

"பிரேக் பிடிக்கேல்லைப் போல" என்று யாரோ சொன்னார்கள்.

"நான் எத்தனை தரம் சொன்னனான் மச்சானுக்கு!" இது சிவபாதம் அண்ணை. "உந்தப் பழைய பெட்டியை வித்துப்போட்டு ஒரு புதுசு எடுங்கோ எண்டு. நாலு லட்சம் ஓடின காரை நம்பி இவ்வளவு தூரம் ஆராவது வருவினமோ?"

"பழைய காருகளில இப்பிடித்தான், திடீரெண்டு விட்டிடும்."

"நல்ல காலம், வழியில விடாமல் இஞ்ச வந்து விட்டுது."

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. எல்லாரும் இவர் தோளைத் தட்டினார்கள். நான் எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "ஓம். டென்மார்க்கில இருந்தே இழுத்துக்கொண்டுதான் வந்தது. வழியில ரெண்டு கராஜில காட்டினனாங்கள்."

என் வாயால், அத்தனை சனத்துக்கு முன்னால், பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இல்லை" என்றார் இவர்.

சனம் கதைத்துக்கொண்டே இருந்தது. இவர் சத்தமாகச் சொன்னார். "காரில ஒரு பிழையும் இல்லை. ரெண்டு கராஜ்காரரும் பாத்திட்டுச் சொன்னவங்கள். பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங் நேராப் போகும். நான் மிதிக்கேல்லை. வண்டில் நிண்டது எனக்குத் தெரியேல்லை. இடப்பக்கத்தில நிக்கிறது எனக்குத் தெரியுறதில்லை."

ஸ்பீக்கரில் மேளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இவர் சாவியைச் சிவபாதம் அண்ணையின் கையில் வைத்தார். பிறகு அந்தத் தாயிடம் போய், "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்று கையைக் கூப்பினார். அவள் பதில் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

சடங்கு அரை மணித்தியாலம் பிந்தி நடந்தது. மிதுஷா வெற்றிலையும் சில்லறையும் கையில் ஏந்திக்கொண்டு, பயந்துபோய் இருந்தாள். இவர் பக்கத்தில் தவமலர் பால் செம்போடு இடப்பக்கம் நின்றாள். பிறகு சுற்றி வந்து வலப்பக்கம் நின்றுகொண்டாள். இவர் பால் அறுகு வைத்தார், தேங்காய் உடைத்தார், தண்ணீர் வார்த்தார். நன்றாகத்தான் செய்தார். நான் ஆராத்தித் தட்டைப் பிடிக்கும்போது திரி அணைந்துவிட்டது. வேறு யாரோ வாங்கி ஏற்றினார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

மச்சாள் வீட்டில் இருக்கிறோம். வைஷாலிக்குப் போன் எடுக்கவில்லை. நாள் முழுக்கப் படுத்திருந்தேன்.

ஜூலை 15, திங்கள்

சிவபாதம் அண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவருக்கு வேலை, இறக்கிவிட்டுப் போய்விட்டார். பாஷை தெரியவேண்டுமே என்று மிதுஷாவை எங்களோடு விட்டார். இரண்டு நாளைக்கு முன் தண்ணீர் வார்த்த பிள்ளை, கையில் மருதாணிச் சிவப்போடு எங்களுக்கு நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள்.

டாக்டர் ஒரு பெண். இவருடைய மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, விரலை இடப்பக்கத்தால் கொண்டுவந்தாள். விரல் மூக்குக்கு நேரே வரும்வரை இவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில், பின்பக்கம், ஒரு சின்ன இடத்துக்கு இரத்தம் போகாமல் நின்றிருக்கிறதாம். அது இன்றைக்கு நேற்று வந்ததல்லவாம். கண்ணில் பிழை இல்லையாம். இனிக் கார் ஓடக் கூடாது என்றாள். இவர் தலையை ஆட்டினார்.

பிறகு டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"மாமி, எப்ப இருந்து இப்பிடி எண்டு கேக்கிறா. நீங்கள்தானே கூட இருக்கிறனீங்கள், உங்களுக்குத் தெரியுமோ எண்டு."

பயணம் வெளிக்கிட்ட பிறகு என்று சொல்லலாம். தெரியாது என்றும் சொல்லலாம். இந்தக் கொப்பியில் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பெப்ரவரி மாதம் ஒரு காலையில் இவர் மேசையில் தன் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி இடக்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவள் நான். இப்படித் தேடுகிற எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன். தேத்தண்ணியோடு இவருக்குப் பின்னால் போய் நின்று, இடது தோளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை நீட்டி ஆட்டினேன், அங்கே ஆட்களுக்குச் செய்கிற மாதிரியே. இவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுபோய் ஆட்டினேன். திரும்பவில்லை. கையை எடுத்துவிட்டுத் தேத்தண்ணியை வலப்பக்கம் வைத்தேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் வலப்பக்கம் வைக்கிறேன்.

சொன்னால் சாவியை வாங்கிவிடுவார்கள், சாவி இல்லாவிட்டால் இந்த மனிதரிடம் வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அது ஒரு காரணம். வேலைக்குப் போய்ப் பார்க்கிறதை வீட்டிலும் பார்க்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை, அது மற்றக் காரணம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் பக்கத்து வீட்டுச் செல்வியின் இரண்டு பிள்ளைகளையும் நீலனில் ஏற்றித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். நான் வாசலில் நின்று கை காட்டினேன்.

"பெப்ரவரியில இருந்து" என்றேன்.

மிதுஷா அதை இத்தாலியில் சொன்னாள். டாக்டர் எழுதினாள். இவர் மெதுவாக, முழு உடம்பையும் திருப்பி, இடப்பக்கம் இருந்த என்னைப் பார்த்தார்.

"பெப்ரவரியோ?" என்றார். "எனக்கே மே மாசம்தான் தெரியும், புனிதம்."

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி," பிள்ளை சின்னக் குரலில் கேட்டாள், "மாமா இப்ப சொன்னதையும் சொல்லவோ?"

"ஓம்" என்றேன். "எல்லாத்தையும் சொல்லு பிள்ளை."